28 அங்குல டயரிலிருந்து 33-க்கு: ஒரு ஜீப் ராங்லரின் ஆக்ஸில், கியர் மாற்றம்

வண்டி 2004 ஆம் ஆண்டு ஜீப் ராங்லர் ஸ்போர்ட். 1997 முதல் 2006 வரை வந்த டிஜே தலைமுறை. நேர்வரிசையில் ஆறு சிலிண்டர் கொண்ட 4.0 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 190 குதிரைத்திறன், 3,200 சுற்றில் 319 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஐந்து கியர் மேனுவல். முன்னால் டானா 30 ஆக்ஸில், பின்னால் டானா 35. கம்பெனியிலிருந்து வந்தபோது 225/75 ஆர் 15 டயர், அதாவது 28.3 அங்குல விட்டம். ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன் வீல், அதைச் சுழற்றும் சின்னது பினியன். இவற்றின் விகிதம் 3.07, அதாவது பினியன் 3.07 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும்.

உரிமையாளர் என் நண்பர். அமெரிக்காவின் டென்வர் நகரில் இருக்கிறார். வாரநாளில் அலுவலகத்துக்கும் இதே வண்டிதான், விடுமுறையில் கொலராடோ மலைப்பாதைகளுக்கும் யூட்டாவில் இருக்கும் மோவாப் பாறைகளுக்கும் இதே வண்டிதான். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகும் வண்டி இல்லை. டென்வரிலிருந்து மோவாப் 570 கிலோமீட்டர் போல வரும். ஐ-70 நெடுஞ்சாலையில் தன் சக்கரத்திலேயே போய், பாறை ஏறி, தன் சக்கரத்திலேயே திரும்ப வேண்டும். பின்னால் எடுத்த எல்லா முடிவுகளுக்கும் இந்த ஒரு நிபந்தனைதான் அடிப்படை. பாறைக்கு மட்டும் என்றால் வேறு வண்டி கட்டியிருக்கலாம்.

அவர் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். இரண்டரை அங்குலம் ஸ்பிரிங் உயரம் கூட்டி, 33 அங்குல டயர் போட்டார். காரணம் நியாயமானது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடல்தான் உயரும், ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக்ஸிலின் வயிற்றைப் பாறையிலிருந்து தூக்க டயர் ஒன்றால்தான் முடியும். 33 என்று எழுதியிருக்கும் டயரை வண்டியில் ஏற்றி அளந்தால் 32.5 அங்குலம் நிற்கும். விட்டத்தில் 4.2 அங்குலம் கூடியது, டிஃபரன்ஷியலுக்கு (ஆக்ஸிலின் நடுவே இடவலச் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பகுதி) அடியில் 5 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இடம் கிடைத்தது.

அதன் பிறகு வண்டி வண்டியாக இல்லை. ஐந்தாவது கியர் பெயருக்குத்தான் இருந்தது. சிக்னலில் கிளம்பும்போது கிளட்சை அதிகநேரம் தேய்க்க வேண்டியிருந்தது. வேகமானி 87 காட்டும்போது வண்டி உண்மையில் 100-ல் போய்க்கொண்டிருந்தது. ஓடிய தூரமும் குறைவாகப் பதிவானதால், பெட்ரோல் கணக்குப் பார்த்தால் உள்ளதைவிட மோசமாகத் தெரிந்தது. மலை இறக்கத்தில், லோ ரேஞ்ச் (மிக மெதுவாகப் போவதற்கான கியர் வரிசை) முதல் கியரிலும், பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பாறையில் இது தொல்லை மட்டுமில்லை, ஆபத்து.

விகிதாசாரக் கணக்கு ஏன் இங்கே உதவாது

பெரிய டயர் போட்டால் என்ன கியர் என்று கேட்டால் பலரும் சொல்லும் சூத்திரம் எளிது. பழைய விகிதத்தைப் புதிய டயர் விட்டத்தால் பெருக்கிப் பழைய விட்டத்தால் வகுக்க வேண்டும். இந்த வண்டிக்கு அப்படிப் போட்டால் 3.07 × 32.5 ÷ 28.3 = 3.53. ஆக 3.55 விகிதம் போட்டால் வண்டி பழையபடி ஆகிவிடும் என்று வருகிறது.

கணக்கில் தவறில்லை. ஆனால் பழையபடி என்பது நல்ல நிலையா என்ற கேள்வி அதில் இல்லை. 3.07 என்பது நெடுஞ்சாலையில் இன்ஜின் சுற்றைக் குறைத்து பெட்ரோல் மிச்சம் பிடிக்க வைத்த விகிதம். அந்த டயரிலேயே மணிக்கு 105 கிலோமீட்டரில், ஐந்தாவது கியரில், இன்ஜின் ஏறத்தாழ 1,850 சுற்றுதான் சுற்றும். சமவெளியில் அது சரி. டென்வரோ கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே ஐ-70-யில் ஏறினால் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 3,400 மீட்டரில் வருகிறது. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீதம் பலத்தை இழக்கும். சுரங்கத்தை எட்டும்போது 190 குதிரைத்திறனில் மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போயிருக்கும்.

இதே தலைமுறையில் ஜீப் கம்பெனியே 2003-ல் ரூபிகான் என்ற வகையைக் கொண்டு வந்தது. முன்னும் பின்னும் டானா 44 ஆக்ஸில், இடவலச் சக்கரங்களை ஒன்றாகப் பூட்டிச் சுழல வைக்கும் லாக்கர், 31 அங்குலத்தை ஒட்டிய டயர். அதற்குக் கம்பெனி தேர்ந்தெடுத்த விகிதம் 4.10. பாறையில் போகப்போகும் வண்டிக்கு இதே இன்ஜினோடு எந்த விகிதம் பொருந்தும் என்று அதை வடிவமைத்தவர்களே காட்டிவிட்டார்கள். அதே நிலையை 32.5 அங்குல டயருக்குக் கொண்டுவந்தால் 4.37 வருகிறது. கடையில் கிடைக்கும் விகிதங்களில் 4.10-க்கு அடுத்தது 4.56, அதற்கு மேலே 4.88. டென்வரின் உயரத்தைச் சேர்த்துப் பார்த்தால் கீழே போவதைவிட மேலே போவதுதான் சரி. 4.56 என்று முடிவானது.

4.88 ஏன் வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. 4.56 விகிதத்தில் கிரவுன் வீலுக்கு 41 பல், பினியனுக்கு 9 பல். 4.88-ல் அது 39-க்கு 8. பழைய 3.07-ல் 43-க்கு 14 பல் இருந்தது. விகிதம் ஏற ஏற பினியன் சிறுத்துக்கொண்டே போகும், ஒரே நேரத்தில் கவ்வும் பல்லின் பரப்பும் குறையும். டானா 30-ன் கிரவுன் வீல் ஏற்கனவே சிறியது, 7.2 அங்குலம். அதில் இன்னும் ஒரு பல்லைக் குறைக்க வலுவான தேவை இருக்க வேண்டும். 33 அங்குல டயருக்கு அந்தத் தேவை இல்லை.

4.56-ல் 105 கிலோமீட்டர் வேகத்துக்கு ஐந்தாவது கியரில் 2,390 சுற்று. யூட்டா பக்கம் எல்லோரும் போகும் 120-ல் 2,750-ஐ ஒட்டி வரும். இந்த இன்ஜின் நாள் முழுக்கச் சலிக்காமல் ஓடும் எல்லைதான் அது.

ஆக்ஸிலை முறிப்பது எது

இங்கேதான் பேச்சு குழம்பும். கியர் விகிதத்தைக் கூட்டினால் முறுக்குவிசை கூடும், அதனால் ஆக்ஸில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) முறியும் என்று பலர் பயப்படுகிறார்கள். நண்பரும் அப்படித்தான் நினைத்திருந்தார். எண்களைப் போட்டுப் பார்த்தோம்.

முதல் கியர் 4.01, டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கும் பெட்டி) லோ ரேஞ்சில் 2.72, ஆக்ஸில் 3.07. மூன்றையும் பெருக்கினால் 33.5. இன்ஜினின் முழு முறுக்குவிசையையும் இதனால் பெருக்கினால், உராய்வில் போவதைக் கழிக்காமல், 10,680 நியூட்டன் மீட்டர். நான்கு சக்கரத்துக்கும் சமமாகப் பிரித்தால் ஒரு சக்கரத்துக்கு 2,670.

இப்போது டயர் பக்கமிருந்து பார்ப்போம். சாமான்களோடு வண்டி 1,700 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு டயரின் மேல் 425 கிலோ. தரையின் பிடிப்பு முழுதாக இருந்தாலும், 28.3 அங்குல டயர் வழுக்கத் தொடங்குமுன் தாங்குவது சுமார் 1,500 நியூட்டன் மீட்டர். 32.5 அங்குல டயரில் ஆரம் நீள்வதால் அது 1,720 ஆகிறது. அதற்கு மேல் இன்ஜின் எவ்வளவு தள்ளினாலும் டயர் சுழன்றுவிடும், ஷாஃப்ட்டுக்குப் போய்ச் சேராது.

அதாவது, பழைய 3.07 விகிதத்திலேயே இன்ஜினால் டயரின் பிடிப்பை மீற முடிந்தது. ஷாஃப்ட் சுமக்கும் பாரத்தின் உச்சத்தைத் தீர்மானிப்பது டயரின் ஆரமும், அதன் மேல் நிற்கும் எடையும், தரையின் பிடிப்பும்தான். கியர் விகிதத்துக்கு அதில் நேரடிப் பங்கில்லை. பெரிய டயரைப் போட்ட அன்றைக்கே ஷாஃப்ட்டின் சுமை 15 சதவீதம் கூடிவிட்டது. செங்குத்தான ஏற்றத்தில் எடை பின்னால் சாயும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் மற்றதன் மேல் பாரம் இரட்டிப்பாகும், லாக்கர் போட்டிருந்தால் முறுக்கு முழுவதும் அந்த ஒரே ஷாஃப்ட்டில் வந்து விழும். மோவாபின் மணற்பாறை டயருக்கு உப்புத்தாள் மாதிரி. சேற்றில் வழுக்கித் தப்பிக்கும் ஷாஃப்ட் அங்கே தப்பிக்க முடியாது.

அடுத்தது அதிர்ச்சி. சுழன்றுகொண்டிருக்கும் டயர் திடீரென்று பாறையைக் கவ்வும்போது வரும் அடிதான் பெரும்பாலும் ஷாஃப்ட்டையும் அதன் வளையும் மூட்டான கிராஸையும் முறிக்கிறது. அந்த அடி எப்போது வரும்? வேகமாக வந்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்து, உந்தி ஏறும்போது. வண்டி ஏன் அப்படி ஏறுகிறது? மெதுவாகப் போனால் இன்ஜின் நின்றுவிடும் என்பதால். கியர் விகிதம் சரியாக இருந்தால் மெதுவாகவே ஏறலாம். எனவே பொறுமையாக ஓட்டுபவர் கையில் 4.56 விகிதம் ஆக்ஸிலைக் காப்பாற்றுகிறது என்றே சொல்வேன்.

இன்னொரு நன்மையும் உண்டு. சக்கரத்துக்கு அதே முறுக்கைக் கொடுக்க, ஆக்ஸிலில் விகிதம் அதிகமாக இருந்தால், அதற்கு முன்னால் இருக்கும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸும் குறைவாகவே சுமந்தால் போதும். ரூபிகானில் இருக்கும் 4:1 டிரான்ஸ்ஃபர் கேஸ் நல்ல பொருள்தான். ஆனால் முறுக்கை ஆரம்பத்திலேயே பெருக்கிப் பின்னால் இருப்பதன் மேல் ஏற்றுகிறது. நெடுஞ்சாலைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இந்த வண்டிக்கு ஆக்ஸில் கியர்தான் முதலில் வேண்டியது.

டானா 35-ஐ விட்டது

சுமையைத் தீர்மானிப்பது டயர் என்றால், தாங்க வேண்டியது ஷாஃப்ட். டானா 35-ன் ஷாஃப்ட் 27 ஸ்ப்ளைன் (முனையில் பிடிப்புக்காக வெட்டிய நீளப் பற்கள்), 1.18 அங்குல விட்டம். கிரவுன் வீல் ஏழரை அங்குலத்துக்குச் சற்று மேல். ஷாஃப்ட்டைப் பிடித்து வைத்திருப்பது டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஒரு சி-கிளிப். ஷாஃப்ட் முறிந்தால் அதோடு சேர்ந்து சக்கரமும் வெளியே நழுவலாம். 28 அங்குல டயரோடு சாலையில் ஓடும் வண்டிக்கு இந்த ஆக்ஸில் போதும். 33 அங்குலத்தோடு மோவாபுக்குப் போகும் வண்டிக்குப் போதாது என்பது என் தீர்மானம்.

இந்த ஆக்ஸிலையே 30 ஸ்ப்ளைன் குரோமோலி (வலுவான எஃகுக் கலவை) ஷாஃப்ட் போட்டுத் தேற்றும் வழி ஒன்று உண்டு. ஷாஃப்ட் சிக்கல் தீரும், ஆனால் கிரவுன் வீலும் குழாயும் அதேதான். கியர் மாற்றும் கூலி, பேரிங், லாக்கர் எல்லாம் சேர்த்தால் வேறொரு ஆக்ஸிலின் விலையை நெருங்கிவிடும். டிஜே வண்டிகளிலேயே சிலவற்றில் வந்த டானா 44-ஐத் தேடிப் பிடித்தால் அப்படியே போல்ட் போட்டு மாட்டலாம். வெல்டிங் வேலையே இல்லாத சுத்தமான வழி. ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்ததால் விலை ஏறிப்போய்க் கிடக்கிறது.

நாங்கள் எடுத்தது ஃபோர்டு 8.8. 1995 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் பின் ஆக்ஸில். வண்டி உடைக்கும் யார்டுகளில் தாராளமாகக் கிடைக்கும். கிரவுன் வீல் 8.8 அங்குலம், ஷாஃப்ட் 31 ஸ்ப்ளைன், 1.32 அங்குலம். ஷாஃப்ட்டின் முறுக்கு வலிமை விட்டத்தின் மும்மடிக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்ப ஏறும். 1.18-லிருந்து 1.32-க்குப் போனால், இரும்பு ஒன்றே என்றாலும், 40 சதவீதம் வலிமை கூடும். சக்கர போல்ட் அமைப்பு இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான்: ஐந்து போல்ட், நாலரை அங்குல வட்டம். அகலம் ஏறத்தாழ ஓர் அங்குலம்தான் வித்தியாசம். பின்னால் டிரம் போய் டிஸ்க் பிரேக் வந்துவிடுகிறது. பெரிய டயரை நிறுத்த இது அவசியமும்கூட, ஏனென்றால் புதிய டயர் ஒவ்வொன்றும் பழையதைவிட 10 கிலோ போல கனம் அதிகம்.

குறையையும் சொல்ல வேண்டும். இதுவும் சி-கிளிப் ஆக்ஸில்தான். வயிறும் பெரியது, டயர் கொடுத்த 5 சென்டிமீட்டரில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஷாஃப்ட் முறியும் வாய்ப்பே குறைவாக இருக்கும்போது சி-கிளிப்பை ஏற்றுக்கொள்ளலாம் என்று பட்டது.

யார்டில் ஆக்ஸிலைத் தேர்ந்தெடுக்கும்போது மூடியின் போல்ட்டில் தொங்கும் சின்னத் தகட்டைப் பார்க்க வேண்டும். விகிதத்தின் நடுவே 'எல்' எழுத்து இருந்தால் உள்ளே லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கிளட்ச் தட்டுகளால் ஓரளவு தடுக்கும் டிஃபரன்ஷியல்) இருக்கிறது. 3 எல் 73 என்றால் 3.73 விகிதம், லிமிடெட் ஸ்லிப். அப்படி ஒன்றைத்தான் எடுத்தோம். விகிதம் எப்படியும் மாறப்போகிறது, எனவே அந்த எண்ணைப் பற்றிக் கவலை இல்லை.

லாக்கர் முன்னாலா, பின்னாலா

முதலில் பின்னால் லாக்கர், காசு மிஞ்சினால் முன்னால் என்பது வழக்கமான அறிவுரை. இங்கே அதைத் திருப்பிப் போட்டோம். காரணம் டிஃபரன்ஷியல் கூண்டு, அதாவது கிரவுன் வீலைத் தாங்கும் உறை.

பினியன் சிறுக்கும்போது கிரவுன் வீல் அதை எட்ட வேண்டும். டானா 30-ல் 3.55 வரைக்கும் ஒரு கூண்டு, 3.73-லிருந்து மேலே வேறொரு கூண்டு. 3.07-லிருந்து 4.56-க்குப் போகும்போது பழைய கூண்டு பயன்படாது, புதிதாக வாங்கியே ஆக வேண்டும். லாக்கர் என்பதே ஒரு கூண்டுதான். எப்படியும் கூண்டுக்குக் காசு கொடுக்கப்போகிறோம், கியர் பொருத்தும் கூலியும் ஏற்கனவே கணக்கில் இருக்கிறது. அப்படியானால் முன் லாக்கருக்கு இதைவிட மலிவான நேரம் இனி வராது. ஃபோர்டு 8.8-ல் இந்தச் சிக்கலே இல்லை. எல்லா விகிதத்துக்கும் ஒரே கூண்டு. அதில் வந்த லிமிடெட் ஸ்லிப்பின் கிளட்ச் தட்டுகளை மட்டும் புதிதாக மாற்றி, அதற்குரிய சேர்மானத்தை எண்ணெயில் கலந்து, அப்படியே வைத்துக்கொண்டோம்.

முன்னால் போட்டது காற்றில் இயங்கும் ஏஆர்பி லாக்கர். பொத்தானை அழுத்தினால் பூட்டும், விட்டால் சாதாரண டிஃபரன்ஷியல். முன் ஆக்ஸிலுக்கு எப்போதும் பூட்டியிருக்கும் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிய நிலையில், பூட்டிய ஆக்ஸிலில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், வளைந்து நிற்கும் கிராஸ்தான் முதலில் போகும். சக்கரம் நேராக இருக்கும்போது மட்டும் பூட்ட வேண்டும் என்ற ஒழுக்கம் பொத்தான் இருந்தால்தான் சாத்தியம். கூடவே வந்த கம்ப்ரஸர், பாறைக்கு முன் இறக்கிய டயர்காற்றைத் திரும்ப ஏற்றவும் ஆகிறது.

முன் ஷாஃப்ட்டுகளை குரோமோலி வகைக்கு மாற்றினோம். டானா 30-ன் ஹவுசிங் (வெளிக்கூடு), நக்கிள் (ஸ்டியரிங்கோடு திரும்பும் முனை), ஹப் (சக்கரம் மாட்டும் பகுதி) எல்லாம் பழையதே. இந்தத் தலைமுறை ரூபிகானின் முன் டானா 44-ம் நக்கிளுக்கு வெளியே டானா 30-ன் பாகங்களையே பயன்படுத்துகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு முன்னால் டானா 44 மாற்றும் ஆசை நண்பருக்குத் தானாகவே அடங்கியது.

வேலை நடந்த விதம்

முன்னும் பின்னும் ஒரே முறையில் மாற்றியாக வேண்டும். ஒன்றில் 3.07, மற்றதில் 4.56 இருக்கும்போது நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ளேயே இழுத்துக் கட்டிக்கொள்ளும். அதனால் பின் ஆக்ஸிலை வெளியே மேசையில் வைத்து முழுதாக முடித்துவிட்டு, அதன் பிறகே வண்டியைத் தூக்கினோம்.

ஃபோர்டு ஆக்ஸிலின் குழாய்கள் நடு வார்ப்புக்குள் அழுத்திச் செருகப்பட்டு, சில இடங்களில் மட்டும் வெல்டு வைக்கப்பட்டவை. பெரிய டயரின் முறுக்கில் குழாய் வார்ப்புக்குள் சுழல வாய்ப்பு உண்டு. அதைச் சுற்றிலும் வெல்டு வைக்க வேண்டும். வார்ப்பிரும்போடு குழாயைச் சேர்ப்பதால் முன்கூட்டியே சூடாக்கி, ஒரே மூச்சில் ஓட்டாமல் சிறிது சிறிதாக எதிரெதிர்ப் பக்கம் மாற்றி வைத்து, மெல்ல ஆற விட வேண்டும். அவசரப்பட்டால் குழாய் வளையும். இதை அனுபவமுள்ள வெல்டர் ஒருவரிடம் கொடுத்தோம். எக்ஸ்ப்ளோரரின் லீஃப் ஸ்பிரிங் தாங்கிகளை அறுத்துத் தேய்த்துவிட்டு, ராங்லரின் காயில் ஸ்பிரிங், கன்ட்ரோல் ஆர்ம், டிராக் பார் தாங்கிகளைப் புதிதாக வைத்தார்.

தாங்கி வைக்குமுன் பினியன் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று முடிவாகியிருக்க வேண்டும். இந்த வண்டியின் வீல்பேஸ் 2,373 மில்லிமீட்டர்தான். பின் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் மிகக் குட்டை. ஸ்பிரிங் உயர்த்தியதில் அதன் சாய்வு கூடி, நெடுஞ்சாலையில் ஏற்கனவே ஓர் அதிர்வு இருந்தது. டிரான்ஸ்ஃபர் கேஸின் வழுக்கு முனையை எடுத்துவிட்டு நிலையான முனை போட்டோம். இரட்டைக் கிராஸ் உள்ள ஷாஃப்ட்டை மாட்டினோம். அப்படிச் செய்தால் பினியன் டிரான்ஸ்ஃபர் கேஸை நேராகப் பார்க்க வேண்டும், ஓட்டத்தில் அது நிமிரும் என்பதால் ஓரிரு டிகிரி தாழ்த்தி. ஒற்றைக் கிராஸ் ஷாஃப்ட் என்றால் கணக்கே வேறு: பினியனும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். வெல்டு வைத்த பிறகு இதைத் திருத்துவது பெரும் வேதனை.

கிரவுன், பினியன் பொருத்துவதுதான் இந்த வேலையின் உயிர். முதலில் பினியன் ஆழம், அதற்கு ஷிம் எனும் மெல்லிய தகடு. பிறகு பினியன் பேரிங்கின் முன்னழுத்தம். 8.8-ல் நசுங்கும் ஸ்லீவ் ஒன்று அதைத் தீர்மானிக்கிறது. நட்டை ஒரு பொட்டு அதிகம் முறுக்கிவிட்டால் ஸ்லீவை எறிந்துவிட்டுப் புதியது போட வேண்டும், தளர்த்திச் சரிசெய்ய முடியாது. பிறகு கிரவுன் வீலை இடவலமாக நகர்த்திப் பேக்லாஷ், அதாவது பற்களுக்கு நடுவே விடும் சிறு இடைவெளி. கியர் செட்டோடு வரும் தாளில் கொடுத்திருக்கும் எல்லைதான் வேதம், பெரும்பாலும் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்கும். கடைசியில் பல்லில் மஞ்சள் பசை தடவிச் சுற்றிப் பார்த்தால் பதிவு தெரியும். பதிவு பல்லின் வேரிலும் ஏறக்கூடாது, நுனியிலும் ஏறக்கூடாது. சரியாக வரும்வரை ஷிம்மை மாற்றி, பேரிங்கைக் கழற்றி மாட்டி, மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு ஆக்ஸிலையும் இதே வேலையாக இருக்கும் ஒரு மெக்கானிக்தான் செய்தார். கியர் செட்டின் விலையைவிட இந்தக் கூலி கண்ணை உறுத்தும். ஆனாலும் பதிவு சரியில்லாத கியர் ஊளையிட்டுக்கொண்டே ஓடி, கடைசியில் பல் உதிரும். இறுதியாக எந்த டயர் என்று தீர்மானிக்காமல் கியரைத் தொடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இந்தக் கூலியால்தான்.

வேகமானிக்கு டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கிறது. அதை மாற்றாமல் விட்டிருந்தால் இப்போது எதிர்த்திசையில் பிழை வரும்: உண்மையில் 100 போனால் 129 காட்டும். சரியான பல் எண்ணிக்கை உள்ளதை வாங்கிப் போட்டதும் சரியானது.

முதல் நாட்களில் கியரைப் பழக்க வேண்டும். கால் மணி, இருபது நிமிடம் மிதமாக ஓட்டி, ஆக்ஸில் முழுதாக ஆறும்வரை நிறுத்தி, மறுபடி. 800 கிலோமீட்டர் ஆனதும் எண்ணெயை இறக்கிப் பார்த்தோம். காந்தத்தில் மெல்லிய சாம்பல்நிறப் பசை மட்டும் ஒட்டியிருந்தது, துகள் எதுவும் இல்லை. புதிய எண்ணெய் ஊற்றியாயிற்று.

மாறியது, மாறாதது

நெடுஞ்சாலை ஏற்றத்தைப் பற்றிப் பலரும் மிகைப்படுத்துவார்கள். இந்த வண்டியில் முன்பு 3.07 விகிதத்தோடு மூன்றாவது கியரில் கிடைத்த மொத்த விகிதம் 4.30. இப்போது நான்காவது கியர் நேரடியாக 4.56. கிட்டத்தட்ட அதே இடம்தான். ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு ஏறும் சாலையில் வண்டி திடீரென்று பறக்கவில்லை. ஆனால் முன்பு மூன்றாவதுக்கு மேலே இருந்த இரண்டு கியரும் அந்த ஏற்றத்தில் வீணாகக் கிடந்தன. இப்போது 105-ல் நான்காவது கியர் 3,060 சுற்றில் நிற்கிறது, இன்ஜினின் முறுக்குவிசை உச்சம் 3,200. சாய்வு சற்றுக் குறைந்தால் ஐந்தாவது விழுகிறது, அது இழுக்கவும் செய்கிறது.

உண்மையான மாற்றம் கீழ்க் கியர்களில். முதல் கியரின் மொத்த விகிதம் 12.3-லிருந்து 18.3 ஆனது. டயரின் அளவைக் கழித்துப் பார்த்தாலும், கம்பெனியிலிருந்து வந்த நிலையைவிட இப்போது முதல் கியர் கால்பங்குக்கு மேல் வலுவாக இருக்கிறது. கிளட்சைத் தேய்க்காமல் கிளம்புகிறது. லோ ரேஞ்ச் முதல் கியரில் மொத்தம் 49.7. இன்ஜின் 800 சுற்றில் ஓடுவதாக வைத்துக்கொண்டால், 33 அங்குல டயரோடு மணிக்கு 3.7 கிலோமீட்டராக இருந்த ஊர்ந்து செல்லும் வேகம் 2.5 ஆகக் குறைந்தது. எண்ணாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம். மோவாபில் ஹெல்ஸ் ரிவெஞ்ச் பாதையில் பாறை முதுகிலிருந்து மூக்கு கீழே பார்க்க இறங்கும்போது, பிரேக்கில் கால் வைக்காமல் இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்குகிறது. நண்பர் இந்தச் செலவை நினைத்து வருந்தாத இடம் அதுதான்.

பெட்ரோல் செலவில் பெரிய மாற்றம் தெரியவில்லை. சரியான வேகமானியோடு கணக்குப் பார்ப்பதால் எண் முன்பைவிட நன்றாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

முன் ஆக்ஸிலின் அடிப்படை எல்லைகள் அப்படியே இருக்கின்றன. டிஜே-யில் வரும் டானா 30-ல் பினியன் கிரவுன் வீலின் மையத்துக்குக் கீழே கவ்வுகிறது. முன் ஆக்ஸிலில் அப்படி இருந்தால், முன்னோக்கிப் போகும்போது சுமை பல்லின் பலம் குறைந்த பக்கத்தில் விழும். செரோக்கியின் பழைய மாடல்களில் வந்த டானா 30-ல் பினியன் மேலே இருக்கும். அதைத் தேடிப் போடலாம் என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. ஹப் பேரிங்குகளும் சின்ன டயருக்கு வடிவமைக்கப்பட்டவையே. அவற்றை அடிக்கடி ஆட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

35 அங்குலம் போட வேண்டுமா என்று நண்பர் கேட்டார். பின் ஆக்ஸில் தாங்கும். கியரும் ஒத்துவரும், 105-ல் 2,250 சுற்றுக்கு இறங்கும், சகிக்கக்கூடியதே. முன்னால்தான் இடிக்கும். ஆக்ஸில் முனையில் நக்கிளைப் பிடிக்கும் 'சி' வளையங்களுக்கு வலுவூட்டும் தகடு வைத்து வெல்டு செய்ய வேண்டும், ஸ்டியரிங் கம்பிகளைத் தடிமனாக்க வேண்டும், முன் பிரேக்கை மாற்ற வேண்டும், ஸ்பிரிங் இன்னும் உயர வேண்டும். உயர்ந்தால் பின் பினியன் கோணத்தை மறுபடி தொட வேண்டும். அலுவலகத்துக்கும் போகும் வண்டிக்கு இது வேண்டாம் என்று சொன்னேன். இப்போதைக்கு 33-லேயே ஓடுகிறது.

கழற்றிய பழைய முன் ஷாஃப்ட்டுகளைத் தூக்கிப் போடவில்லை. புதிய லாக்கரும் அதே 27 ஸ்ப்ளைன்தான், எனவே அவை உதிரியாகப் பொருந்தும். புதிய கிராஸ் மாட்டி, ஹப் நட்டுக்கான சாக்கெட்டோடு சேர்த்துச் சுற்றி, பின் சீட்டுக்கு அடியில் கட்டி வைத்திருக்கிறார்.